மேஸ்திரி போட்ட தரை

இல்லீங்க, நான் உள்ள வரலீங்க. இங்கயே இந்த மரத்தடில வண்டி மேல உக்காந்துக்கறனுங்க. நீங்க இந்த ஊட்டுக்காரருங்களா? நல்லதுங்க. உள்ள உங்க சமையக்கட்டுல ரெண்டு பொம்பளைங்க வேலை செய்யறாங்களே, பேண்ட்டு போட்டுட்டு டிரில்லிங் மிசினு புடிச்சிருக்கறவ ஜெசிந்தா. அவ பக்கத்துல, சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை போட்டுட்டு, பொட்டியத் தாங்கிப் புடிச்சுட்டு நிக்கறா பாருங்க, அது எங்கூட்டுக்காரி. பாவாத்தா. அந்தச் சட்டை என்றதுங்க. கேட்டுட்டு எடுக்கல.

டிரைவரான்னு கேட்டீங்க. தப்பில்லீங்க, எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. காத்தால கூட்டியாந்து விடறேன், பொழுதோட கூட்டிட்டுப் போறேன். நடுவுல நான் எங்கீங்க போறது? ஆனா நான் டிரைவரில்லீங்க. மேஸ்திரி. கிணத்துக்கடவுல நாச்சிமுத்து மேஸ்திரின்னு கேட்டுப் பாருங்க, நான் கட்டுன ஊட்டையெல்லாம் வரிசையாக் காட்டுவாங்க. முட்டி தேஞ்சு போயி, இப்பத்தான் சாரத்துல ஏறறதில்ல.

டீங்களா? வேண்டாங்க. செரி, நீங்க இவ்வளவு சொல்றீங்க, குடுங்க. உள்ள அவங்களுக்குக் குடுத்தாச்சுங்களா? பாவாத்தா டம்ளர வாங்கி மொதல்ல ஜெசிந்தாவுக்குத்தான் குடுத்திருப்பா. குடுத்தாளா? பாத்தீங்களா. எனக்குத் தெரியும்.

பொறாமைன்னு நெனைச்சுக்காதீங்க. என்ற வயசுக்கு என்ன பொறாமை? இதே ஒரு ஆம்பளை வந்து என்ற பொண்டாட்டிகிட்டப் பல்லக் காட்டிப் பேசிட்டிருந்தான்னு வெச்சுக்கங்க, அவன் சட்டையப் புடிச்சு நாலு பேருக்கு முன்னால ஏன்டான்னு கேக்கலாம். ஊரே என்ற பக்கம் நிக்கும். ஜெசிந்தா பொம்பளை. என்ற மக வயசுக்குச் சித்தெ எச்சா இருப்பா. யாருகிட்டப் போயி என்னன்னு சொல்றது? எம்பட பொண்டாட்டி ஒரு பொம்பளையோட சிரிக்கறான்னா? சொன்னா, என்னையத்தான் பாத்துச் சிரிப்பாங்க.

எங்கூடு நானே கட்டுனதுங்க. ஊரான் வேலை இல்லாத நாளாப் பாத்துப் பாத்துக் கட்டுனது. சமையக்கட்டுல செவப்புச் சிமெண்டுத் தரை. தேச்சுத் தேச்சுக் கண்ணாடியாட்டம் பண்ணி வெச்சேன். அதுக்குச் சரிவு குடுத்திருந்தேன். வேணும்னுதாங்க குடுத்தேன். தண்ணி ஊத்திக் கழுவுனா ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிப் பக்கமா ஓடிப் போயிரோணும். ஒரு மூலைல சரிவு சித்தெ எச்சாப் போயிருச்சு, அது வேற. நடுவுல ஒரு எடம் மேடு தட்டிருச்சு, அதும் வேற. ஆனா ஒரு சொட்டுத் தண்ணி நின்னதில்லீங்க அந்தத் தரைல. அந்தத் தரைல இருந்து ஒரே அளவா அளந்து மேல அடுப்பு மேடையும் போட்டேன்.

எம்மக கோகிலா ஓசூர்ல இருக்கறா. அம்மாவுக்குப் பொட்டி பொட்டியா வெச்ச சமையக்கட்டு, மாடுலர் கிச்சனுங்கறாங்களே, அது பண்ணிக் குடுக்கோணும்னு அவளா ஏற்பாடு பண்ணிப்புட்டா. ‘எனக்கெதுக்கு கண்ணு இதெல்லாம்’னு பாவாத்தா ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல. “எப்ப வருவாங்க?”ன்னா. அப்பவே நான் சுதாரிச்சிருக்கோணும்.

வந்தா ஜெசிந்தா. போத்தனூர்ல இருந்து ஸ்கூட்டர்ல. வந்ததும் சமையக்கட்டுக்குள்ள போயி, மட்டம் பாக்கற ரசமட்டத்த எடுத்துத் தரைல வெச்சா. எனக்கு ரசமட்டம் பாக்கத் தெரியாதுங்களா? உள்ள தண்ணில மெதக்கற காத்து முட்டை ஒரு ஓரமாப் போயி ஒட்டிக்கிச்சு. எடுத்து வேற எடத்துல வெச்சா. அங்க அந்த ஓரத்துக்கு ஓடுச்சு. அவ எந்திரிச்சு இடுப்புல கையி வெச்சுட்டு, “யாருங்க்கா இந்தத் தரையப் போட்டது? சறுக்கு வெளையாடறதுக்காப் போட்டாரு?”ன்னா.

நான் கதவுகிட்டத்தான் நிக்கறேன்.

பாவாத்தா சிரிச்சா பாருங்க. வாயப் பொத்திட்டுச் சிரிக்கறது இல்ல. செவுத்தப் புடிச்சுக் குனிஞ்சுட்டு, மூச்சு வாங்கி, கண்ணுல தண்ணி வந்து முந்தானைல தொடச்சுட்டு மறுபடி சிரிக்கறா. “அவருதான்”னு என்னையக் கையக் காட்டறா, காட்டிப்புட்டு மறுபடியும் சிரிக்கறா. ஜெசிந்தா நாக்கக் கடிச்சுட்டு, “மன்னிச்சுக்கங்ணா”ன்னா. மன்னிக்கறதென்ன, அவ சொன்னது எனக்குப் பெருசில்லீங்க. நாலு ஊட்டுக்குப் போற புள்ள, நாலும் பேசும். இவ எதுக்குச் சிரிக்கோணும்?

அப்பறம் இவளை நிக்கச் சொல்றா. “அக்கா, கைய மடக்குங்க. முழங்கை எங்க வருதுன்னு பாக்கறேன்.” டேப்பு வெச்சு அளக்கறா. “எந்தத் தோளு வலிக்குதுங்க்கா? மேல எட்டி எடுக்கறப்ப எந்தக் கையத் தூக்குவீங்க?” எங்கூட்டுக்காரிக்குத் தோளு வலின்னு எனக்கே தெரியாதுங்க. இவ பாட்டுக்குச் சொல்றா. எடது தோளு தூக்க முடியறதில்ல, கோகிலா பொறந்ததுல இருந்து ஒரு காலு எப்பவும் மேட்டுல, ஒரு காலு பள்ளத்துல நின்னு நின்னு இடுப்பு ஒரு பக்கமா இழுக்குது, அடுப்புக்குக் கீழ ஓட்டுச் சில்லு வெச்சுத்தான் சமைக்கறேன், அப்படியும் மாவு ஊத்துனா ஒரு பக்கமா ஓடிரும், தோசை ஒரு ஓரம் தடியா, ஒரு ஓரம் கருகித்தான் வரும், இப்படி.

எனக்குச் சுருக்குன்னுச்சுங்க. ஏன்னா, தரை போட்ட நாள்ல இருந்து அந்தத் தோசையத்தான் நான் திங்கறேன். ‘உனக்குத் தோசை வராது’ன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கறேன். எங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கறேன், சம்பந்திகிட்டச் சொல்லியிருக்கறேன். ஒரு நாளாவது, ‘தரை கோணலா இருக்குதுங்க’ன்னு என்ற கிட்ட வாயத் தொறந்தாளா? வந்து அரை நாளாகல, அவகிட்ட அத்தனையும் கொட்டறா. எனக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. தரை கோணலுங்கறது பெருசில்லீங்க. அத என்ற கிட்டச் சொல்லாம அவகிட்டச் சொன்னா பாருங்க, அதத்தான் சொல்றேன்.

பழைய மேடைய ஒடைக்கோணும்னாங்க. நான் போட்டத நானே ஒடைச்சுக் குடுக்கறேன்னு சொல்லிட்டு, கடைத்தெருவு வரைக்கும் போயி ஒரு டீயக் குடிச்சுட்டு வந்தேன். வந்து பாத்தா, சம்மட்டிய எடுத்துப் பாவாத்தா போட்டுட்டிருக்கறா. ஒரு பக்கம் ஏற்கெனவே உழுந்துருச்சு. “தோளு வலிக்குதுன்ன?”னு கேட்டேன். “இது வலிக்கலீங்க”ன்னா.

அந்தப் பொட்டிகளுக்குக் கீழ கறுப்பாக் காலு இருக்குமுங்க. திருகுனா ஏறும், திருப்பித் திருகுனா எறங்கும். ஜெசிந்தா தரைல மேடான எடம் எதுன்னு கண்டுபுடிச்சு, அங்க ஆரம்பிச்சு, பள்ளத்துக்குப் போகப் போக ஒவ்வொரு காலா ஒசத்தி, பொட்டிய மட்டத்துல நிறுத்துனா. இல்லைங்கல, நல்லாத்தான் பண்ணுனா. தப்பே பண்ணாதவன்னும் நெனைச்சுக்காதீங்க. ஒரு பலகையக் கட்டையா அறுத்துப்புட்டா, மறுபடி ஒருக்கா போத்தனூருக்கு ஓடிட்டு வந்தா. அன்னைக்கு எனக்குச் சோறு நல்லா எறங்குச்சு. ஆனா பாவாத்தா என்ன சொன்னா தெரியுங்களா? “உடு ஜெசி, மனுசனுக்கு வராத தப்பா?” எனக்கு ஒரு நாளு அப்படிச் சொன்னாளா? சாம்பார்ல உப்பு எச்சுன்னு நான் சொன்னாக்கூட ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா.

மத்தியானம் ரெண்டு பேரும் தரைல உக்காந்து ஒட்டுக்காச் சாப்புடுவாங்க. ஜெசிந்தா கொண்டார மீன் கொழம்ப இவ வாங்கி ஊத்திக்குவா. எங்கூட்டுல மீனு ஆக்குனதே இல்லீங்க, எனக்கு ஆகாதுன்னு. இவளுக்கு ஆகும்னு எனக்கெப்படித் தெரியும்? “அண்ணா, நீங்களும் உக்காருங்க”ன்னு ஜெசிந்தா கூப்புடுவா. பாவாத்தா கூப்பிடட்டும்னு நான் நிப்பேன். அவ முள்ளெடுத்துட்டிருப்பா.

அப்பறம் ஒரு நாளு ஜெசிந்தா டிரில்லிங் மிசின இவ கைல குடுத்துட்டா. “அக்கா, இந்த ஓட்டைய நீங்க போடுங்க.” நான் கட்டுன செவுருங்க அது. பாவாத்தா ரெண்டு கைலயும் புடிச்சு, ஒடம்பக் குடுத்து அமுத்தி, ஒரே சீரா எறக்குனா. தூசி மூஞ்சியெல்லாம் அப்பிக்கிச்சு. மூஞ்சியத் தொடைக்காமயே நிக்கறா. எதோ வரம் வாங்குனவளாட்டம்.

கல்யாணத்துக்கு முன்னாடி அவ என்ற கிட்டச் சித்தாளா இருந்தவதானுங்க. சாந்துச் சட்டி தூக்குனா ஒரு சொட்டுச் சிந்தாது. அந்த நடையப் பாத்துத்தான் எனக்குப் புடிச்சுப் போச்சு. ஒருக்கா, “பூச்சுக் கரண்டியக் குடுங்க, நானும் ஒரு வரி பூசிப் பாக்கறேன்”னா. சாரத்துல நின்னவனெல்லாம் சிரிச்சான். நானும் சிரிச்சேன். வேற என்ன பண்ணுவாங்க? தாலி கட்டுனதுக்கப்பறம் வேலைக்கே வர வேண்டாம்னுட்டேன். மேஸ்திரி பொண்டாட்டி சட்டி தூக்குனா எனக்கென்ன மருவாதை? ராணியாட்டம் ஊட்டுக்குள்ள வெச்சிருந்தேன். வேற எந்தச் சித்தாளுக்குங்க அந்தக் குடுப்பினை?

கைப்புடி வாங்கோணும்னு ஒரு நாளு பொள்ளாச்சிக்குக் கெளம்பிட்டாங்க. கதவுல வெக்கற கைப்புடிங்க. அவ ஸ்கூட்டர்ல பின்னாடி இவ ஏறி உக்காந்துட்டா. என்ற வண்டில கோயிலுக்குக் கூப்புட்டா, ‘பயமா இருக்குது, பஸ்சுல வர்றேன்’ம்பா. அன்னைக்கு அவ இடுப்பச் சுத்திக் கையப் போட்டுட்டு, திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டா.

ஊட்டுல நான் மட்டும். சமையக்கட்டுக்குள்ள போனேன். என்ற ஊட்டுச் சமையக்கட்டுதானுங்க? குனிஞ்சு பாத்தேன். பள்ளத்துப் பக்கம் காலெல்லாம் கொக்குக் காலாட்டம் நீட்டிட்டு நிக்குது. பாக்கவே சகிக்கல. தரைன்னு ஒண்ணு இருக்குது, அதுக்கு ஒரு ஓட்டம் இருக்குது, அத அனுசரிச்சு நிக்கோணுமா இல்லீங்களா? அதான், ரெண்டு மூணு காலச் சித்தெ எறக்கி வெச்சேன். சரிபண்ணிக் குடுக்கலாம்னுதான். தொழில் தெரிஞ்சவன் கையி, சும்மா இருக்குமுங்களா?

அவங்க வந்தாங்க. பாத்திரமெல்லாம் எடுத்து அடுக்குனாங்க. இழுப்பறைய இவ தள்ளித் தள்ளிச் சாத்தறா, அது தானாத் தொறந்துட்டு வெளிய வருது. கதவு நிக்கல. அப்பறம் மேல வெச்சிருந்த எவர்சில்வர் குண்டா ஒண்ணு மெதுவா நகுந்து நகுந்து வந்து, தடாருன்னு உழுந்துச்சு. உருண்டு பொடக்காலிக்கே போயிருச்சு. ஜெசிந்தா ரசமட்டத்த வெச்சுப் பாத்தா. மொகமே செத்துப் போச்சு. “நேத்து நான் சரியாத்தானங்க்கா வெச்சேன்? எப்படிங்க்கா இது?”

பாவாத்தா குனிஞ்சு காலப் பாத்தா. அப்பறம் என்ற கையப் பாத்தா. கைல புதுத் தூசி ஒட்டியிருந்துச்சுன்னு வெச்சுக்கங்களேன். என்ற மூஞ்சியப் பாத்தா. அப்பறம் அவ பக்கம் திரும்பி, “நாந்தான் ஜெசி. கூட்டறப்ப வெளக்குமாத்துல இடிச்சுப்புட்டேன்”னா.

பாத்தீங்களா? வெளக்குமாத்துல இடிச்சாத் திருகுக் காலு எறங்குமுங்களா? வாய் கூசாமப் பொய்யி. எதுக்கு? அந்தப் புள்ள மனசு நோகக் கூடாதாம். தன்ற வேலைல தப்பு வந்துருச்சோன்னு அவ வருத்தப்படக் கூடாதாம். அதுக்காவப் பழியத் தன்ற மேல போட்டுக்கறா. எனக்காக இந்த மாதிரி ஒரு பொய்யி என்னைக்காச்சும் சொல்லியிருப்பாளா? அன்னைக்கு ராத்திரிச் சோறே எனக்கு எறங்கலீங்க. என்ன சார் சிரிக்கறீங்க? சிரிக்கலீங்களா? செரி.

ஜெசிந்தாவுக்கும் அது பொய்யின்னு தெரிஞ்சிருக்கும். என்னைய ஒரு பார்வை பாத்துட்டு, “சரிங்க்கா”ன்னு மட்டும் சொல்லிட்டுத் தரைல படுத்துட்டா. பாவாத்தாளும் அந்தப் பக்கம் படுத்துட்டா. “நீ முட்டையப் பாத்துச் சொல்லு ஜெசி, நான் திருகறேன்.” “இன்னும் சித்தெங்க்கா, இன்னும் சித்தெ. போதுங்க்கா.” நான் போட்ட தரைல, நான் நிக்கறப்பவே, ரெண்டு பேரும் படுத்துட்டு இப்படிப் பேசிக்கறாங்க. நான் தாண்டித்தான் வெளிய போனேன்.

கடைசியா, அடில காலெல்லாம் மறைக்கறதுக்கு ஒரு பலகை அடிப்பாங்க. தரைக்கும் பொட்டிக்கும் நடுவுல. எல்லாரு ஊட்டுலயும் ஒரே அகலமா இருக்குமுங்க அது. எங்கூட்டுல ஒரு மூலைல ரெண்டு வெரக்கடை, இன்னொரு மூலைல ஒரு சாண் ஆவுது. மரத்துல அடிக்கற ஆப்பாட்டம் அறுத்து அடிச்சிருக்கறா. வர்றவங்க போறவங்கல்லாம் அந்தப் பலகையத்தான் மொதல்ல பாக்கறாங்க. நான் ஒரு சாக்க எடுத்து முன்னால போட்டேன். பாவாத்தா அத எடுத்துத் தொவைக்கப் போட்டுட்டா.

வேலை முடிஞ்சு ஜெசிந்தா போயிட்டா. விட்டுது சனின்னு இருந்தேன். நெசமாச் சொல்றேன், அன்னைக்குத் தோசை முழு நெலாவாட்டம் வந்துச்சு. சுத்தியும் ஒரே மெல்லிசு. தட்டுல போட்டுட்டு, நான் எதாச்சும் சொல்லுவேன்னு நின்னா. என்ன சொல்றது? அந்தத் தோசையப் பாத்தா எனக்கு ஜெசிந்தா மூஞ்சிதான் தெரியுது. “இதுக்குப் பழைய தோசையே தேவலாம்”னேன். பாவாத்தா அடுப்பக் கம்மி பண்ணிட்டுப் போயிட்டா.

அடுத்த வாரம் போன் வந்துச்சு. ஜெசிந்தாகூட வேலை செஞ்ச ஆளு நின்னுட்டாராம், கைக்கு ஒரு ஆளு வேணுமாம். பாவாத்தா போன வெச்சுட்டு, “நாளைல இருந்து நான் ஜெசிகூட வேலைக்குப் போறனுங்க”ன்னா. போகட்டுமான்னு கேக்கல. போறேன்னா.

“மேஸ்திரி பொண்டாட்டி கூலிக்குப் போனா ஊர்ல என்ன சொல்லுவாங்க?”ன்னேன்.

“என்ன வேணாச் சொல்லட்டும்.”

“உனக்கு என்ன கொறை வெச்சேன்? ஊடு கட்டிக் குடுத்தேன். தரை போட்டுக் குடுத்தேன்...”

“போட்டது நீங்க. நின்னது நானு”ன்னா.

அவ்வளவுதான். சத்தம் போடல. சொல்லிட்டு வெங்காயத்த அரிய ஆரம்பிச்சுட்டா. அந்தப் பேச்சு ஜெசிந்தா கத்துக் குடுத்ததுதான். அதுக்கு முன்னாடி பாவாத்தா இப்படிப் பேசுனதே இல்ல. இல்ல, பேசியிருப்பாளோ என்னமோ. நான் சாரத்துல இருந்திருப்பேன்.

பஸ்சுல போயிக்கறேன்னா. நாந்தான் கூட்டிட்டுப் போறேன்னேன். எங்கெங்க போறாங்க, என்ன பேசிக்கறாங்க, தெரிய வேண்டாமுங்களா? இப்பப் பாருங்க, என்ற வண்டில ஏறறா. பயமெல்லாம் எங்க போச்சோ. ஏறி உக்காந்ததும் போன எடுத்துருவா. இன்னைக்கு எந்தப் பொட்டி மொதல்ல, எந்தச் செவுரு கோணல்னு வழி பூராவும் ஜெசிகூடத்தான் பேச்சு. என்ற காதுக்குப் பின்னாலயே கேக்குது. எனக்குன்னு ஒரு வார்த்தை, ‘பாத்து, பள்ளம்’னு மட்டும்.

நேத்து கூடப் பாருங்க, நீங்க ஊட்டுல இல்ல, ஜெசிந்தா வெளிய வந்து, “அண்ணா, இந்த ஊட்டுத் தரையும் ஏறுக்கு மாறா இருக்குது. பூசி மட்டம் பண்ணிட்டு வெச்சாத் தேவலாம். நீங்க வந்து பாக்கறீங்களா?”ன்னா. என்ற கை பரபரங்குது. கரண்டி வண்டிப் பொட்டிலயேதான் கெடக்குது. ஆனா அவ கூப்புட்டு நான் போறதுங்களா? “பாவாத்தா கூப்புடட்டும்”னேன். உள்ள இருந்து பாவாத்தா சொல்றா, “வரோணும்னா வரட்டும் ஜெசி.”

வரோணும்னா வரட்டுமாம். இது கூப்புடறதுங்களா, சார்? நீங்க படிச்சவரு, நீங்க சொல்லுங்க. இத அவ கூப்புட்டதா நான் எடுத்துக்கோணுமா, இல்லாட்டி வேண்டாம்னு சொன்னதா எடுத்துக்கோணுமா? ராத்திரி பூராவும் யோசிச்சுட்டேன், ஒரு முடிவுக்கு வர முடியலீங்க.

சித்தெ இருங்க. கேக்குதுங்களா? மிசினு நின்னுருச்சு. சிரிக்கறாங்க. அந்தச் சத்தமாச் சிரிக்கறது பாவாத்தா. பாருங்க, நிறுத்தவே மாட்டீங்கறா.

சார், ஒரு ஒத்தாசை. நீங்க ஊட்டுக்காரரு. தண்ணி குடிக்கப் போறாப்புல உள்ள போயி, என்ன சொல்லிச் சிரிக்கறாங்கன்னு சித்தெ கேட்டுட்டு வந்து சொல்றீங்களா? நான் கேட்டேன்னு சொல்லீறாதீங்க. என்னையப் பத்தித்தான்னா வந்து சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.

என்னையப் பத்தி இல்லீன்னா, அதையும் சொல்லீருங்க.